ஊரைச் சுற்றி வந்த குரல்

1

பொதுக்கூட்டம் நடத்த அனுமதி கேட்டு ஒரு மனு வந்தால், கூட்டம் நடக்கும் நாளுக்கு முன்பே அனுமதி என்றோ மறுப்பு என்றோ எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதவில்லை என்றால், மனு பரிசீலனையில் இருக்கிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். பதிலே தராமல் இருப்பது என்ற நான்காவது வழி எந்த விதியிலும் இல்லை. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அதிகமாகப் பயன்பட்டது அந்த நான்காவது வழிதான்.

இந்த விதி போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நினைவுக்கு வந்தது. ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூரில் மகளோடு இருக்கிறேன். பேத்தி நிலாவும் அவள் தோழிகளும் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தார்கள். போர் வேண்டாம் என்கிற குழு, அகதிகளுக்கு வீடு கேட்கிற குழு, ஆற்றைக் காக்கிற குழு என்று ஊரில் இருக்கும் சின்னச் சின்னக் குழுக்கள் எல்லாம் ஒரே நாளில் கூடுவதாக ஏற்பாடு. பொறுப்பாளராக என் மகள் பெயர் கொடுத்திருந்தாள்.

"அனுமதி வந்துவிட்டதா?" என்றேன்.

"அனுமதி கேக்கல தாத்தா. நாங்க சொல்லியாச்சு" என்றாள் நிலா. அவள் தமிழில் கேள்விகள் குறைவு. எல்லாமே முடிந்துபோன செய்திகளாக வரும்.

"சொல்லிவிட்டால்?"

"சொல்லியாச்சுன்னா நடக்குது."

"அவர்கள் வேண்டாம் என்றால்?"

"அதுக்கு அவங்கதான் காரணம் எழுதணும். நீ ஏன் பயப்படுது?"

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு தேசத்தின் சட்டம் குடிமக்களிடம் "கேள்" என்று சொல்லாமல் "சொல்லிவிட்டுப் போ" என்று சொல்கிறது. எழுபது வயதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு அதிர்ச்சியைக் கொடுத்திருக்கக் கூடாது.

2

தர்மபுரி மாவட்டத்தில், அரூருக்கும் சித்தேரி மலையடிவாரத்துக்கும் இடையில் ஒரு சந்தை ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும். எண்பதுகளின் நடுவில் அந்த ஊர்த் தாசில்தாரின் அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். கூட்டம், ஊர்வலம், ஒலிபெருக்கி, தடையுத்தரவு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

தை மாதத்தில் இரண்டு பேர் ஒரு மனுவோடு வந்தார்கள். ஒருவர் பாஷா பாய், ஊரில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்கள்தான் கட்டப்படும். மற்றவர் வெள்ளச்சி, மலையிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மலைப்பெண்கள் சங்கத்தின் தலைவி. பேசும்போது இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொள்வார். கேட்கும்போது ஒரு கையை எடுத்துவிடுவார்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊருக்கு மேலே ஒரு சரிவு. அதில் புளியமரங்களும் கடுக்காய் மரங்களும் உண்டு, நடுவில் ஒரு ஊற்று. கோடையில் மலையில் வற்றாத தண்ணீர் அது ஒன்றுதான். கீழே சாமைக் கொல்லைகள் அதை நம்பி இருந்தன. அந்தச் சரிவு முழுவதும் தைலமரம் நடுவதற்காக அளவுக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஐப்பசி மழைக்குக் குழி வெட்டுவார்கள் என்று பேச்சு. தைலமரம் வந்தால் ஊற்று வற்றிவிடும். அதைக் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்ல, பங்குனியில் சந்தை மைதானத்தில் ஒரு நிகழ்ச்சி. கூலிக்காகப் போராடிய பாலக்கோட்டுக் கரும்பு வெட்டுகிறவர்கள் வருவார்கள். பாஷா பாயும் சில வியாபாரிகளும் சேர்ந்து வைத்திருந்த தெருச் சமாதானக் குழுவும் சேர்ந்துகொள்ளும்.

மனுவில் நோக்கம் என்ற இடத்தில் பாஷா பாய் தன் கையால் எழுதியிருந்தார்: 'சமாதானம், நியாயம், மண்.'

"பாய், இது எந்த இனத்தில் வரும்?" என்றேன். "பதிவேட்டில் கோயில் விழா, அரசியல் கூட்டம், நாடகம், சர்க்கஸ் என்று நான்குதான் இருக்கிறது."

"சர்க்கஸ்ல போட்டுக்கோங்க சார். ஆனை மட்டும் கேக்காதீங்க."

வெள்ளச்சி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ பேசாம இரு பாய். ஏங்க, எங்க ஊத்தப் பத்தி பேசறதுக்கு ஆனை எதுக்குங்க?"

'இதர' என்று எழுதி மனுவை மேலே அனுப்பினேன். அது காவல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மேல் அதிகாரிக்குப் போய், வேறு ஒரு விளக்கம் கேட்டு என்னிடமே திரும்பி வந்து, மறுபடியும் புறப்பட்டுப் போனது. மாசி முடிந்தது. பதில் இல்லை.

3

நிலா சொன்னதை நம்பாமல் மறுநாள் காலை நானே இந்த ஊர் நகராட்சிக்குப் போனேன். வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞனிடம், ஒரு கூட்டம் தொடர்பாக வந்திருக்கிறேன் என்று ஜெர்மன் மொழியில் சொல்ல முயன்றேன். வீடு திரும்பியபின் நிலா விளக்கியபோதுதான் தெரிந்தது, "நான் ஒரு கூட்டம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த இளைஞன் சிரிக்கவே இல்லை. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்து, "எத்தனை பேர் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டான்.

நல்ல அதிகாரி. அறிவிப்பு கிடைத்துவிட்டது என்றும், நான் கவலைப்பட எதுவும் இல்லை என்றும் சொன்னான். முத்திரை ஏதாவது கொடுப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். அதற்கான சொல் தெரியாததால் திரும்பிவிட்டேன்.

வீட்டில் இது பெரிய கதையாகிவிட்டது. நிலா தொலைபேசியில் தோழிகளுக்கு வேகமான ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள். என்னைப் பற்றிய கதை, எனக்குப் புரியாத மொழியில். நடுவில் 'தாத்தா' என்ற சொல் மட்டும் தெரிந்த முகம்போல வந்து வந்து போனது.

4

பங்குனியில் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் எங்கள் ஊருக்கு ஒரு தாள் வந்தது. அது பதில் அல்ல, தடையுத்தரவு. கோட்டைத் தெருக்காரர்களுக்கும் பள்ளிவாசல் தெருக்காரர்களுக்கும் ஊர்வலப் பாதை பற்றித் தகராறு ஏற்பட்டு, தள்ளுமுள்ளு ஆகி, இரண்டு தெருவிலும் கடைகளை அடைத்துவிட்டார்கள். ஐந்து பேரும் அதற்கு மேலும் கூடக் கூடாது. ஒலிபெருக்கி கூடாது. உத்தரவைத் தகவல் பலகையில் ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன். பாஷா பாயும் வெள்ளச்சியும் உள்ளே வந்தார்கள்.

"நாளைக்கு நடக்காது" என்றேன்.

"சனமெல்லாம் பொறப்பட்டாச்சுங்க. ராத்திரி அடிவாரத்துல தங்கி விடியால வராங்க. இப்ப நான் யாருகிட்ட போயி வேண்டாமுன்னு சொல்றது?"

"மீறினால் வழக்கு. மைக்செட்டைப் பறிமுதல் செய்வார்கள்."

பாஷா பாய் நெஞ்சில் கை வைத்தார். "நாலு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர். அதான் சார் எம் பொழப்பு. அதத் தூக்கிட்டுப் போனா அடுத்த கல்யாணத்துக்கு யாரு பாட்டு போடுவா? உங்க டைப்ரைட்டரா?"

வெள்ளச்சி இடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். "அஞ்சு பேரு கூடாதுன்னா, நாலு பேரு போலாமுங்களா?"

"போகலாம்."

"அந்த நாலு பேருக்குப் பின்னால வேற நாலு பேரு வந்தா?"

"ஒன்றாகச் சேர்ந்து வருவதாக இருக்கக் கூடாது. இடைவெளி வேண்டும்."

"எத்தன தூரம்?"

எனக்குத் தெரிந்த எல்லாச் சட்டங்களையும் மனதுக்குள் புரட்டினேன். தூரம் எதிலும் இல்லை. "அது சொல்லப்படவில்லை" என்றேன்.

"அப்ப கூப்புடு தூரம்" என்றார் வெள்ளச்சி. பாயைப் பார்த்து, "நீ உன் கொழாய்க்குப் போர்வ போத்தித் தூங்க வை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மலையில் சுமையோடு இறங்குகிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று பாஷா பாய் பிறகு எனக்குச் சொன்னார். ஒருவர் காலில் பட்டு உருளும் கல் இன்னொருவர் மேல் விழாத தூரம், ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரம். சுமையை யாரும் இஷ்டத்துக்கு இறக்க மாட்டார்கள். சரிவில் இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் இருக்காது. முன்னால் போகிறவர் சமதரை கண்டு "எறக்கு" என்று குரல் கொடுப்பார். அதை அடுத்தவர் வாங்கி அதற்கு அடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி ஆள் இறக்கியதும் "ஆச்சு" என்று சொல்ல, அந்தச் சொல் அதே வழியில் முன்னால் திரும்பி வரும். "எறக்கு" என்ற குரல் வரும்வரை நடப்பார்கள். வராவிட்டால் நடந்துகொண்டே இருப்பார்கள்.

5

காலையில் அலுவலகத்துக்கு வந்தபோது மலைச்சாலையில் முதல் நால்வர் தெரிந்தார்கள். வெள்ளச்சியும் மூன்று பெண்களும். தலையில் புளிச் சிப்பம். அவர்களுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் வேறு நால்வர், சாமை மூட்டையோடு. அதற்குப் பின்னால் நால்வர், கொள்ளு. அதற்கும் பின்னால் நால்வர், பித்தளைக் குடங்களில் ஊற்றுத் தண்ணீர். கரும்பு வெட்டுகிறவர்களும் கொடுவாள் இல்லாமல், தோளில் கரும்புக் கட்டோடு, நால்வர் நால்வராக வந்தார்கள். சாலை திரும்புகிற இடம் வரை பார்த்தேன். முடிவு தெரியவில்லை.

கோஷம் இல்லை, கொடி இல்லை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குழுவாக விரலை மடக்கி எண்ணினார். நான்கு. அடுத்தது, நான்கு. எண்ணி எண்ணிக் கடைசியில் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் ஒருவர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓடினார். "யோவ், நீ அஞ்சாவது ஆளு" என்று கான்ஸ்டபிள் கத்தினார். கடைக்காரர் குடத்தைச் சாலை நடுவில் வைத்துவிட்டு விலகி நின்றார். அந்த நால்வர் குடித்துவிட்டுக் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நடந்தார்கள். அடுத்த நால்வர் வந்தார்கள்.

எங்கள் அலுவலக வாசலில் வெள்ளச்சி தன் சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மற்ற மூவரும் நடந்துகொண்டே போனார்கள். தாசில்தார் அவரை உட்காரச் சொன்னார். மனு பரிசீலனையில் இருக்கிறது என்றார். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது என்றார். நினைவூட்டு அனுப்பியிருக்கிறது என்றார். எல்லாமே உண்மை. அந்த வாக்கியங்களை எழுதியவன் நான்.

பேச்சு நீண்டது. ஜன்னல் வழியே நால்வர் நால்வராகக் கடந்துகொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. திடீரென்று தாசில்தார், "ஏம்மா, அவங்க எங்கதான் போறாங்க? பஸ் ஸ்டாண்டு தாண்டி, சந்தை தாண்டிப் போயிட்டே இருக்காங்களே" என்றார்.

வெள்ளச்சி எழுந்தார். "அய்யோ சாமி, என் சுமைய எறக்கிட்டு எறக்குன்னு சொல்லாம வந்துட்டனே!"

அத்தனை பேரும் பங்குனி வெயிலில் தலைச்சுமையோடு அந்த ஒரு சொல்லுக்காக நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளச்சி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். வாசலில் அந்த நேரம் கடந்துபோன கடைசி நால்வரிடம் அவர் போகப் பார்த்தபோது கான்ஸ்டபிள் கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, நீ போனா அஞ்சு. கேசாயிடும்."

வெள்ளச்சி வாசற்படியிலேயே நின்று, வாயருகே கையைக் குவித்து, "எறக்கு" என்று கூப்பிட்டார்.

எதிரே இருந்த நால்வர் நின்றார்கள். சுமையை இறக்கினார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி, "எறக்கு" என்றாள். அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனது. ஒவ்வொரு முறையும் வேறு ஒரு தொண்டை, கொஞ்சம் தூரம், கொஞ்சம் மெலிவு. எறக்கு. எறக்கு. பஸ்களின் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சந்தையில் விலை கூவியவர்கள் வாயை மூடினார்கள். அந்தச் சொல் சந்தைக்குள் நுழைந்ததைக் காதால் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கேட்கவில்லை.

"முன்னால போன மூணு பேரும் சந்தைக்கு அந்தாண்ட இருப்பாங்க" என்றார் வெள்ளச்சி. "ஆச்சுன்னு இப்பத் திரும்பி வரும்." சந்தைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கிருந்து எதுவும் வரவில்லை. ஊரே அமைதியாக இருந்தது. பிறகு, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து, இரண்டு நாளாகக் கடைகள் அடைத்துக் கிடந்த இரண்டு தெருக்களின் பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது. "எறக்கு."

சந்தையைத் தாண்டியதும் வரிசை முடிந்திருந்தது. அதற்கு அப்பால், ஊரை வளைத்து எங்கள் அலுவலகம் வரை, சுமந்து வந்தவர்கள் யாரும் இல்லை. கோட்டைத் தெருவும் பள்ளிவாசல் தெருவும் மட்டும்தான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தெருக்காரர்கள், குரல் அறுந்துபோவதைக் கேட்டு, அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். தெருமுனையில் கடைசியாக நின்று கத்தியவர் பாஷா பாய். பக்கத்தில் அவர் தெருக்காரர் ஒருவர். இன்னும் இருவர் கோட்டைத் தெருவைச் சேர்ந்தவர்கள். இரண்டு நாள் முன்பு பள்ளிவாசல் தெருக்காரர்களின் சட்டையைப் பிடித்தவர்கள். எண்ணிப் பார்த்தேன். நான்கு.

வெள்ளச்சிக்கு ஒரு கணம் புரியவில்லை. இடப்பக்கம் அனுப்பிய குரல் வலப்பக்கமாகத் திரும்பி வந்திருந்தது. புரிந்ததும் கையை மறுபடி குவித்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "எங்க ஊத்த வந்து பாருங்க. பாத்துட்டு அப்பறம் கல்லு நடுங்க."

அது போனது. பஸ் ஸ்டாண்டு, சந்தை, அடைத்த கடைகள். பெண் குரல், ஆண் குரல், கரும்பு வெட்டுகிறவரின் கரகரப்பு, கன்னடம் கலந்த ஒரு குரல். கடைசியில் மைக்செட் பாஷா பாயின் வெறும் தொண்டையில் வந்து சேர்ந்தது: "எங்க ஊத்த வந்து பாருங்க. பாத்துட்டு அப்பறம் கல்லு நடுங்க."

ஒரு சொல் கூட மாறவில்லை. நான் ஊரைச் சுற்ற அனுப்பிய தாள்கள் ஏராளம். புறப்பட்டபோது இருந்த அர்த்தத்தோடு ஒன்றாவது திரும்பி வந்ததாக நினைவில்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று எழுத்தில் மட்டுமே படித்திருந்தேன். அரைக்கைச் சட்டை போட்டிருந்ததால் அன்று நேரிலேயே பார்த்தேன்.

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல, "இதுக்கு என்ன செக்‌ஷன்யா?" என்றார்.

"எதுவும் இல்லைங்க சார்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்."

"அப்ப ஜீப்ப எடுக்கச் சொல்லு. ஊத்தப் பாத்துட்டு வரலாம்."

6

நிலாவின் நிகழ்ச்சி நடந்தது. ஆரஞ்சு மேலங்கி போட்ட போலீஸ்காரர்கள் இருவர் சதுக்கத்தின் மூலையில் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். மேடை இல்லை. குழுக்கள் எல்லாம் கை கோத்து ஆற்றங்கரை வரை ஒரு சங்கிலி. என் வலக்கையைப் பிடித்திருந்தவர் சிரியாவிலிருந்து வந்த ஒரு தையல்காரர். இடக்கையைப் பிடித்திருந்தவர், என்னைவிட மூத்த ஜெர்மன் அம்மாள் ஒருவர். எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை.

என் சட்டைப்பையில் அறிவிப்பின் நகல் இருந்தது. யாராவது கேட்பார்கள் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன்.

"யாரும் கேக்கல பாத்தியா" என்றாள் நிலா, முடிந்தபிறகு. அவளிடம் கூப்பிடு தூரத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்த தண்ணி இப்ப இருக்குது?" என்றாள். பேத்தி என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி அது.

7

ஜீப் போகிற வரைக்கும் ஜீப்பில் போனோம். மீதியை நடந்தோம். ஊற்று ஒரு முறத்தளவுதான் இருந்தது. பாறை இடுக்கில் கசிந்து, நிறைந்து, சத்தமில்லாமல் வழிந்து கீழே சாமைக் கொல்லைகளுக்குப் போனது. அதன் விளிம்பில் ஒரு அளவுக்கல். தாசில்தார் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். இன்னொரு கை குடித்தார். பார்வைக் குறிப்பில் 'நீர் சுவையாக உள்ளது' என்று எழுதச் சொன்னார். அரசுக் கோப்பு ஒன்றில் நான் எழுதிய ஒரே ரசனை வாக்கியம் அதுதான்.

அலுவலகம் திரும்பியதும் ஒரு காரியம் செய்தேன். சரிவை நடவிலிருந்து விலக்கக் கேட்ட அந்தப் பார்வைக் குறிப்பைத் தனிக் கோப்பாகத் தொடங்காமல், பதில் வராமல் கிடந்த கூட்ட அனுமதி மனுவோடு சேர்த்து அனுப்பினேன். இரண்டும் ஒரே எண்ணில் இருந்தால், ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் மற்றதை முடிக்க முடியாது. கோப்பு நிலுவையில் இருக்கும்வரை சரிவில் யாரும் மண்வெட்டி வைக்க முடியாது. பதில் தராமல் இருக்கிற அந்த நான்காவது வழி ஊற்றுக்குக் காவல் நின்றது. ஐப்பசி மழை வந்தது, குழி வெட்டவில்லை. அதற்கு அடுத்த கோடையிலும் பதில் வரவில்லை. வெள்ளச்சி சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.

"வந்துச்சுங்களா?"

"இல்லை."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் பார்த்த மனுதாரர்களில் பதில் வராததற்கு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் போகும்போது வாசலில் ஒரு நொடி நிற்பார். வருகிற பதில் எப்படி இருக்கும் என்ற பயம் அவருக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

கடைசியில் வந்தது. ஊரில் பாதிப் பேர் ஒகேனக்கல்லுக்குப் பஸ் ஏறியிருந்த நாள். வெள்ளச்சி புதுப்புடவையில், ஆற்றுக்குப் போகிற வழியில் அலுவலகத்தை எட்டிப் பார்க்க வந்திருந்தார். பாஷா பாய், ஆற்றங்கரை விழாவுக்குக் குழாய் கட்டப் போகிறவர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். உறையை அவர்கள் முன்னாலேயே பிரித்தேன். இரண்டு பத்திகள். முதலில் இரண்டாவதைப் படித்துவிட்டேன்: பங்குனியில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி கோரிய மனு பரிசீலிக்கப்பட்டு, மறுக்கப்படுகிறது.

"மறுத்துட்டாங்களா?" என்றார் பாஷா பாய். "அப்ப நாம நடந்தத எல்லாம் திருப்பி பின்னால நடக்கணுமா சார்?"

வெள்ளச்சி சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். "மொதல் பத்தியப் படிங்க."

படித்தேன். ஊற்றும் அதைச் சுற்றிய சரிவும், அவற்றில் உள்ள புளி, கடுக்காய் மரங்களும் நடவுத் திட்டத்திலிருந்து விலக்கப்படுகின்றன. நடப்பட்ட கற்களை அகற்றிக்கொள்ளலாம்.

வெள்ளச்சி மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு அவர் வாசலுக்குப் போய், மலையைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஆச்சு" என்று கூப்பிட்டார். அங்கே யாரும் இல்லை. மலை வெகுதூரம். ஆனாலும் நாங்கள் மூவரும் பதிலுக்குக் காத்து நின்றோம். உறையை எடுத்து, வந்துசேர்ந்த தேதி முத்திரையைக் குத்தினேன். அதற்குக் கீழே, எந்த விதியிலும் இல்லாதபடி, தமிழ்த் தேதியையும் என் கையாலேயே எழுதினேன்: 1987, ஆடிப் பதினெட்டு.